மாலை ஆறு மணிச் சொடுக்குகள்

12 டிசம்பர் 2024, வியாழக்கிழமை, முற்பகல் 10.40 மணி
இணையவழி மோசடிப் புகார் எண் 318/2024
சாட்சி வாக்குமூலம் எண் 7

என் பெயரும் வீட்டு முகவரியும் இப்புகாரின் முதல் தாளிலேயே, புகார்தாரரின் தந்தை என்ற வகையில், பதிவாகியுள்ளன. அவற்றில் மாற்றம் எதுவும் இல்லை. வயது எழுபத்து நான்கு. சென்ற மாதம் 9-ஆம் தேதி நிறைவடைந்தது. குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பு மேற்பார்வையாளராகப் பணியாற்றி 30 நவம்பர் 2008 அன்று ஓய்வுபெற்றேன். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள், வயது முப்பத்தொன்பது, மணமாகாதவர், என்னுடன் வசிக்கிறார். அவரே இப்புகாரைக் கொடுத்தவர்.

இப்புகாரில் எதிராளியாகக் காட்டப்பட்டிருப்பவர் என் மகளின் முன்னாள் தொழிற்கூட்டாளி. புகாரில் சொல்லப்பட்ட செயலை அவர் செய்யவில்லை. செய்தவர்கள் நானும், நான் கேட்டுக்கொண்டதன் பேரில் என் நண்பர்கள் மூவரும், அவர்களைச் சேர்ந்த சிலரும் ஆவோம். என் மகள் இந்த நிமிடம் வரை இதை அறியார். இன்று கண் மருத்துவரிடம் போவதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் உண்மையல்ல.

காவல் நிலைய எழுத்தர் என்னிடம், “சுருக்கமா சொல்லுங்க பெரியவரே, காலையிலேர்ந்து இது நாலாவது ஸ்டேட்மென்ட், கை விட்டுப்போச்சு” என்றார். சுருக்கினால் தேதிகள் விடுபட்டுப்போகும் என்றும் இயன்றவரை முயல்வதாகவும் சொன்னேன். அவர் ‘கிளிக்’ என்று எழுதியதைச் ‘சொடுக்கு’ என்று மாற்றும்படி கேட்டேன். மாற்றினார்.

என் மகளும் அவருடைய கூட்டாளியும் ஒரு பயணப் பெட்டிக் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி அந்தப் பிரிவை மூடிய பின்னர், 14 ஜூன் 2021 திங்கட்கிழமை அன்று, எங்கள் வீட்டு முன்னறையில் இருவரும் சேர்ந்து ஓர் இணையக் கடை தொடங்கினர். பெட்டிகளுக்கான மாற்றுச் சக்கரம், கைப்பிடி, பூட்டு ஆகியவை மட்டுமே அங்கே விற்கப்படும். ஒரு சக்கரம் உடைந்துபோனதற்காக நல்ல பெட்டியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. முன்னறையில் சுவரோரமாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள் கூரை வரை அடுக்கப்பட்டன. நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் உரிமையை நான் சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன்.

இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களுக்குள் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்தது. விலை ஒப்பீட்டுத் தளம் என்று ஒன்று உண்டு. வாங்க நினைப்பவர் அங்கே பொருளின் பெயரை எழுதித் தேடினால், அதே பொருளை விற்கும் பல கடைகளின் விலையும், அனுப்பும் செலவும், வந்துசேரும் நாளும் வரிவரியாக ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். எந்தக் கடையின் வரியைச் சொடுக்குகிறாரோ அந்தக் கடைக்குள் போய்ச் சேருவார். கூட்டாளி அதில் சேர வேண்டும் என்றார். “எல்லாரும் அங்கதான் பார்க்கிறாங்க. அங்க இல்லாத கடை எங்கயும் இல்லாத கடைதான்” என்றார். மகள், “விலையை மட்டும் பார்த்து வர்றவன், இன்னொருத்தன் ஒரு காசு குறைச்சா அங்க ஓடிடுவான். அவனுக்காக நான் ஏன் விளம்பரச் செலவு பண்ணணும்?” என்றார். இருவரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். 31 மார்ச் 2024 ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி தம் பங்கு டப்பாக்களை ஒரு சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், “வரேன் சார். உங்க நாற்காலியை மறுபடி இங்கயே போட்டுக்கலாம்” என்றார். போட்டுக்கொண்டேன்.

அதன் பின்னர் அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு கிடங்கு பிடித்து, அதே சரக்கைத் தம் பெயரில் விற்கலானார். ஒப்பீட்டுத் தளத்திலும் சேர்ந்தார். என் மகளின் கடைக்கு வந்த ஆர்டர்கள் கோடைக்குள் பாதியாகின.

அந்தச் சமயத்தில் நான் உதவ முற்பட்டேன். 19 ஆகஸ்ட் 2024 திங்கட்கிழமை, மகள் குளித்துக்கொண்டிருந்தபோது, சக்கரம் கேட்டு ஆர்டர் போட்டிருந்த ஒரு வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, சக்கரத்தின் விட்டத்தை அவர் எதைக் கொண்டு அளந்தார் என்று விசாரித்தேன். தையல் நாடாவால் அளந்ததாகச் சொன்னார். அது போதாது என்று விளக்கி, நான் காத்திருப்பதாகச் சொல்லி, மறுபடி அளக்கச் செய்தேன். அவர் ஆர்டரை ரத்து செய்ததோடு, கடையின் இணையப் பக்கத்தில், “இங்கே ஒரு பெரியவர் பரீட்சை வைக்கிறார், பாஸானால்தான் சக்கரம்” என்று எழுதிவிட்டார். மகள் அதைப் படித்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

“அப்பா, இது தண்ணி மீட்டர் இல்லை. வீடு வீடா போய்க் கதவைத் தட்டற வேலை இல்லை. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், கடைப் பக்கம் வராதீங்க.”

“தப்பான அளவு அனுப்பினா திருப்பி அனுப்புவாங்களேம்மா.”

“அனுப்பட்டும். அதுவாவது ஒரு பார்சல் வந்த மாதிரி இருக்கும்.”

அன்று முதல் கடை சம்பந்தமாக அவர் என்னிடம் எதுவும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2 செப்டம்பர் 2024 திங்கட்கிழமை மகள் தாமும் அந்த ஒப்பீட்டுத் தளத்தில் சேர்ந்தார். இதை அவர் வேறொருவரிடம் தொலைபேசியில் பேசியபோது சமையலறையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பணம் கட்டியிருப்பதாகச் சொன்னது காதில் விழுந்தது. முன்பணம் என்றதும், குடிநீர் இணைப்புக்குக் கட்டுவதைப் போன்ற வைப்புத்தொகை என்றும், மாத வாடகை ஏதோ இருக்கும் என்றும் நானாகவே கொண்டேன். யாரையும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டு என் கீழ் வேலை பார்த்தவர்களை இதே காரணத்துக்காக எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன்.

4 செப்டம்பர் புதன்கிழமை முதல் ஒவ்வொரு நாளும் என் கைப்பேசியில் அத்தளத்தைத் திறந்து, ‘பெட்டிச் சக்கரம்’ என்று தேடி, எங்கள் வரியைச் சொடுக்கி, கடைக்குள் சென்று, படம் சரியாக இருக்கிறதா, விலை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா, இருப்பு காட்டுகிறதா என்று பார்த்து வெளியே வருவேன். கடைக்கு நேராகப் போகும் வழி எனக்குத் தெரியும். ஆனால் ஆய்வு செய்பவர் பொதுமக்கள் வரும் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் நான் கடைசி வரை வற்புறுத்திய விதி. பிழை ஏதும் தென்படவில்லை. மகள் வேலையில் சுத்தமானவர்.

ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு நான் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் மூன்று நண்பர்களுடன் ஒரே பெஞ்சில் உட்காருவது வழக்கம். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஒருவர் பல் மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் பல் பார்க்கிறார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை; அவரை எல்லோரும் டீச்சரம்மா என்றே அழைப்போம். 7 அக்டோபர் திங்கட்கிழமை வங்கிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சார், பொண்ணு கடையில கூட்டம் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

பல் மருத்துவர், “கூட்டம் இருந்தாத்தான் சார் கூட்டம் வரும். என் கிளினிக்ல வெளி நாற்காலி காலியா கிடந்தா, வந்தவன் பல்வலியோடயே திரும்பிப் போயிடுவான். அதனால என் மச்சினனைக் கொண்டுவந்து உட்கார வச்சிருக்கேன்” என்றார்.

டீச்சரம்மா, “ஆளுக்கு ஒரு தடவை உள்ள போய்ட்டு வந்தா நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? சும்மாத்தானே உட்கார்ந்திருக்கோம்” என்றார்.

யோசனை டீச்சரம்மாவுடையது என்று இங்கே எழுதப்படலாகாது. அவர் வாய் வார்த்தையாகச் சொன்னார். அதை ஒழுங்குபடுத்தி, எப்படித் தேடுவது, எங்கே சொடுக்குவது, உள்ளே குறைந்தது ஒரு நிமிடம் நிற்பது என்று மூவருக்கும் அன்றே சொல்லிக்கொடுத்து, நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டவன் நான். கடைக்குள் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அத்தளத்தார் எங்கள் வரியை மேலே தூக்கி வைப்பார்கள் என்றும் சொன்னேன். இதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

அதன் பின்னர் வங்கிக்காரர் தம் மாப்பிள்ளைகள் இருவரையும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் வெளியூர், ஒருவர் வெளிநாடு. “ரெண்டு பேரும் மத்தபடி என்னத்தைக் கிழிக்கிறாங்க? இதையாவது பண்ணட்டும்” என்றார். பல் மருத்துவர் தம் மச்சினரைச் சேர்த்தார். டீச்சரம்மா தம் பழைய மாணவிகள் குழுவில் போட்டார். அதில் எத்தனை பேர் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. எல்லோரும் எங்கள் பெஞ்சு நேரத்தையே பின்பற்றினார்கள். டீச்சரம்மா ஒரு ஜோடிச் சக்கரம் காசு கொடுத்தும் வாங்கினார். அவரிடம் பெட்டி கிடையாது. அன்று மகள் அந்தப் பார்சலைக் கட்டும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன். அதுவே என்னை இதில் மேலும் உறுதியாக்கியது என்று சொல்லலாம்.

21 அக்டோபர் திங்கட்கிழமை மாலை ஏழு மணியளவில் மறுபடி ஒருமுறை பார்ப்போமென்று தேடியபோது தளத்தில் எங்கள் வரியையே காணவில்லை. முதலிடத்தில் முன்னாள் கூட்டாளியின் வரி இருந்தது. மறுநாள் காலை எங்கள் வரி இருந்தது. மாலை மறுபடி காணவில்லை. நடந்தது என்ன என்பது இப்போது எனக்குத் தெரியும். நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று மகள் முன்பணத்தில் ஒதுக்கிய தொகை நாங்கள் சொடுக்கியே தீர்ந்துவிட, தீர்ந்ததும் வரி தானாக மறைந்தது. அப்போது நான் எண்ணியது வேறு: நடமாட்டம் போதாததால் எங்களை எடுத்துவிடுகிறார்கள் என்று எண்ணினேன். 22-ஆம் தேதி பெஞ்சில் இதைச் சொன்னேன்.

“நம்ம வேகம் பத்தலை” என்றார் டீச்சரம்மா.

“அப்ப தினம் ரெண்டு வேளை. உணவுக்கு முன், உணவுக்குப் பின்” என்றார் பல் மருத்துவர்.

அன்று முதல் இருமுறை ஆக்கினோம். வரி மேலும் சீக்கிரமாக மறைந்தது. சீக்கிரமாக மறைய மறைய நாங்களும் மும்முரமானோம். (இந்த இடத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.)

இதே நாட்களில் மகள் இரவு உணவைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துபோவதைக் கண்டேன். கேட்டால், “பசியில்லப்பா, நீங்க சாப்பிடுங்க” என்பார். 18 நவம்பர் திங்கட்கிழமை இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார். தம் கடையின் விளம்பரத் தொகையை வேண்டுமென்றே காலிசெய்து, தம் வரியைத் தளத்திலிருந்து நாள்தோறும் விழச்செய்பவர் முன்னாள் கூட்டாளியே என்றும், கடையின் உள்விவரம் அறிந்தவர் அவர் ஒருவரே என்றும், வரி மறைந்தால் லாபம் அடைபவரும் அவரே என்றும் எழுதிக்கொடுத்தார். புகாரின் வாதத்தில் நான் குறை காணவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அவ்வாறே எழுதியிருப்பேன்.

3 டிசம்பர் செவ்வாய்க்கிழமை பிற்பகல் உதவி ஆய்வாளர் அம்மையார் விசாரணைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். அவர் தளத்தாரிடம் வாங்கிய அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு மகளிடம் சொன்னது:

“ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்க முன்பணத்துல கழியுது மேடம், வாங்கினாலும் சரி வாங்காட்டியும் சரி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்குது. வர்றாங்க, ஒரு நிமிஷம் நிக்கிறாங்க, ஒண்ணும் வாங்காம போறாங்க. பத்துப் பதினஞ்சு இடத்துலேர்ந்து, ஒரு நாள் தவறாம. இவ்வளவு ஒழுங்கு சும்மா வராது. சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காங்க.”

நாங்கள் யாரும் சம்பளம் பெறவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டுகிறேன்.

தேநீர்த் தட்டை நீட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். உதவி ஆய்வாளர், “குடுங்க தாத்தா” என்று எழுந்து வாங்கிக்கொண்டார். அறிக்கையிலுள்ள இணைய இணைப்புகளில் ஒன்று முன்னாள் கூட்டாளியின் கிடங்கினுடையது என்று உறுதியாகியிருப்பதாக அவர் தொடர்ந்து சொன்னார். ஒரே சரக்கை விற்பவர் அடுத்தவரின் விலையை எப்போதாவது போய்ப் பார்ப்பது தொழிலில் இயல்பு. அவர் பார்த்தது எத்தனை தடவை, மற்றவை எத்தனை என்று அந்த அறிக்கையைக் கொண்டே இப்போதும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. அன்று மாலை பூங்காவுக்கும் போகவில்லை. நான் இல்லாமலேயே நண்பர்கள் அன்றைய வேலையைச் செய்து முடித்தார்கள்.

4 டிசம்பர் புதன்கிழமை நண்பகலில் கூட்டாளியின் கிடங்கிலிருந்த இரண்டு கணினிகளும் இந்நிலையத்துக்கு எடுத்துவரப்பட்டன. இது எனக்கு அப்போது தெரியாது. அன்று மாலை ஆறு மணிக்கு நான் பெஞ்சுக்குப் போய் நண்பர்களிடம் உண்மையைச் சொல்லி, எல்லோரும் உடனே நிறுத்த வேண்டும் என்றேன். வங்கிக்காரர், “நாற்பது வருஷம் பேங்க்ல உட்கார்ந்தேன், எனக்குத் தோணலை பாருங்க” என்றார். டீச்சரம்மா, “இப்பவே எழுந்து போய்ப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. ராத்திரியைத் தாண்ட விடாதீங்க” என்றார். பல் மருத்துவர், “நல்ல பல்லைப் புடுங்கிட்டா அந்த நாற்காலியிலயே சொல்லிடணும் சார். வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் சொன்னா அடிக்க வருவான்” என்றார். மாப்பிள்ளைகளுக்கும் மாணவிகளுக்கும் அங்கிருந்தே தகவல் போயிற்று. அன்று மாலையே சொடுக்குகள் அடியோடு நின்றன.

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மகள் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். “பார்த்தீங்களாப்பா! மத்தியானம் மிஷினை எடுத்தாங்க, சாயங்காலம் நின்னுடுச்சு. மணி ஏழரை, என் வரி அப்படியே நிக்குது. ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க தெரியுமா, இதைவிட வேற சாட்சி வேண்டாமாம். நான் ஏதோ கற்பனை பண்றேன்னு நீங்ககூட நினைச்சிருப்பீங்க.”

நான் அப்படி நினைக்கவில்லை என்றேன். அது மட்டும் உண்மை. அன்று இரவு மகள் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போது சிரித்தபடி ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. சொல்லவிருந்ததை நாளைக்குத் தள்ளினேன். நாளைக்கும் அவ்வாறே ஆயிற்று. சொடுக்குகள் நின்றுவிட்டதால் வழக்கும் தானாக நீர்த்துப்போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வாறு 4-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதி வரை இருந்தேன். என் மௌனத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

10 டிசம்பர் செவ்வாய்க்கிழமை முற்பகல் முன்னாள் கூட்டாளி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மார்ச் மாதத்துக்குப் பின்னர் அவர் என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை.

“சார், நல்லா இருக்கீங்களா? ஒரு உதவி. ஆர்டர் எல்லாம் அந்த மிஷினுக்குள்ள இருக்கு சார். யாருக்கு எதை அனுப்பணும்னே தெரியாம டப்பாக்களைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். தளத்துலேர்ந்தும் என்னைத் தூக்கிட்டாங்க. வேலைக்கு வர்ற ரெண்டு பேரையும் நேத்தியிலேர்ந்து வரவேண்டாம்னுட்டேன். எல்லாரும் ஊருக்குக் கிளம்பற நேரம், சக்கரம் வேணும்னு நிக்கிறவன் இப்பத்தான் நிப்பான்.”

“நான் என்னப்பா செய்யணும்?”

“உங்க பொண்ணுகிட்ட எதுவும் கேக்க வேண்டாம் சார். நான் பண்ணிருப்பேன்னு அவ நம்பிட்டா, அவ்வளவுதான். நீங்க ஸ்டேஷனுக்கு வந்து, இவன் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா எழுதிப்பாங்க. மூணு வருஷம் உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன்.”

வருகிறேன் என்றேன். எதைச் சொல்ல வருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்வதற்கு முன் அவரிடம் சொல்வது முறையல்ல என்று பட்டது. மகளிடமும் சொல்ல முடியவில்லை. 11-ஆம் தேதி புதன்கிழமை நண்பர்கள் மூவர் வீட்டுக்கும் நேரில் போய் அவர்களுடைய எழுத்துமூலமான ஒப்புதலைப் பெற்றேன். மூவரும் தயங்காமல் கொடுத்தனர். டீச்சரம்மா தாமும் உடன் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன்.

இன்று காலை இந்நிலையத்துக்கு வந்தபோது முன்னாள் கூட்டாளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணினிகளைத் திரும்பக் கேட்டு நாள்தோறும் வந்து உட்காருகிறார் என்று எழுத்தர் சொன்னார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வந்துட்டீங்களா சார்” என்றார். இளைத்திருக்கிறார்.

என் மகள் பொய்ப் புகார் கொடுத்தவராகக் கருதப்படலாகாது. அவர் கண்ட இழப்பு உண்மை; அவர் கண்ட ஒழுங்கு உண்மை; ஆளை மட்டுமே தவறாகக் கொண்டார், அதற்குக் காரணம் நான் மறைத்தது. என் நண்பர்கள் நான் சொல்லியே செய்தவர்கள். எனக்கு விதிக்கப்படுவது எதுவாயினும் ஏற்கிறேன். கூட்டாளியின் கணினிகளை இன்றே திருப்பிக் கொடுக்கவும், ஒப்பீட்டுத் தளத்தாருக்கு உண்மை நிலையை இந்நிலையத்திலிருந்து எழுதவும் வேண்டுகிறேன்.

மகள் கூடுதல் விவரம் கொடுப்பதற்காக நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வரவழைக்கப்பட்டுள்ளதாக ஆய்வாளர் தெரிவித்தார். இவ்வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டும்போது மகளையும் உடன் வைத்துக்கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். இத்தனை நாளும் வீட்டில் என்னால் சொல்ல முடியாததை வேறொருவர் குரலில் அவர் கேட்கட்டும் என்று எண்ணினேன். ஆய்வாளர் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

பின்சேர்க்கை, பிற்பகல் 12.50 மணி.

மேற்கண்டவை என் மகளின் முன்னிலையில் எழுத்தரால் வாசிக்கப்பட்டன. மகள் முதலில் நின்றுகொண்டிருந்தார்; பூங்கா பெஞ்சு பற்றிய பகுதி வந்தபோது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பல் மருத்துவர் சொன்ன இடத்தில் எழுத்தருக்குச் சிரிப்பு வந்து, நிறுத்தி, மறுபடி தொடங்கினார். மகள் சிரிக்கவில்லை. வாசித்து முடித்த பின்னர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்ப்பா, முன்பணம் எப்படிக் கழியும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கடைப் பக்கம் வராதேன்னு சொன்னியேம்மா.”

மகள் எழுந்து வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் நான் இருந்த நாற்காலியிலிருந்து பெஞ்சு தெரிந்தது. முன்னாள் கூட்டாளி எழ முயன்றார். மகள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மகள் பேசினார். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசினார். நீண்ட நேரம் பேசினார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் கூட்டாளி பெஞ்சில் தம் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகள் அந்த இடத்தில் உட்காரவில்லை. போகவும் இல்லை.

என்ன பேசினார்கள் என்று எழுத்தர் கேட்டார். என் காதில் விழாததை என்னால் சொல்ல இயலாது.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டிருக்கிறது. கூட்டியதும் குறைத்ததும் இல்லை. எவரும் என்னை வற்புறுத்தவோ அச்சுறுத்தவோ இல்லை. வாசிக்கக் கேட்டுச் சரியென்று கண்டு, என் கையால் ஒவ்வொரு தாளிலும் ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்)
புகார்தாரரின் தந்தை
12.12.2024, பிற்பகல் 1.15 மணி

இணைப்புகள்:
1. 4.9.2024 முதல் 3.12.2024 வரை என் கைப்பேசி அத்தளத்துக்குச் சென்றுவந்த விவரத்தின் திரைப்பிடிப்புகள்.
2. நண்பர்கள் மூவரின் ஒப்புதல் கடிதங்கள். பல் மருத்துவருடையது மருந்துச் சீட்டில் எழுதப்பட்டுள்ளது. அவரிடம் வேறு தாள் இல்லை.
3. வங்கிக்காரரின் மாப்பிள்ளைகள் இருவர், பல் மருத்துவரின் மச்சினர் ஆகியோரின் கைப்பேசி எண்கள். மாணவிகளின் எண்களை டீச்சரம்மா சனிக்கிழமைக்குள் தருவார்.
4. முன்னாள் கூட்டாளியின் கணினிகள் இரண்டையும் உடனே திருப்பித் தருமாறும், அவர் மீதான புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் நேற்று நான் தயாரித்த விண்ணப்பம், இரண்டு படிகள். புகார்தாரர் ஒப்பமிட வேண்டிய இடத்தை நான் வெறுமையாக விட்டுக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு படியிலும் அந்த இடம் இப்போது வெறுமையாக இல்லை.